தோட்ட மக்களுக்குச் சொந்த வீடு: பணம் மத்தியில், நிலம் மாநிலத்தில், கேட்க வேண்டிய நேரம் எது?

நெகிரி செம்பிலானில் தோட்டத் தொழிலாளி ஒருவருக்கு வீடு என்பது வேலையோடு ஒட்டி வந்த பொருள். பால் மரம் சீவும்வரை, செம்பனைக் குலை அறுக்கும்வரை லயத்து வீட்டில் இருக்கலாம். அறுபது வயதில் வேலை முடிகிறது. அதோடு வீடும் முடிகிறது. மூன்று தலைமுறை அதே லயத்தில் பிறந்து வளர்ந்திருந்தாலும் அந்தச் சுவரில் ஒரு பலகைகூட அவருக்குச் சொந்தமில்லை. பட்டணத்தில் வாடகைக்கு இருப்பவரிடமாவது ஓர் ஒப்பந்தத் தாள் இருக்கும். லயத்தில் இருப்பவரிடம் பெரும்பாலும் அதுவும் கிடையாது.

இதற்கு அரசாங்கம் திட்டம் எதுவும் போடவில்லையா என்றால், நிறையவே போட்டிருக்கிறது. குறைந்த வாடகை அடுக்குமாடி வீடு, மலிவு விலை வீடு, சொந்த நிலத்தில் வீடு கட்டித் தரும் திட்டம், தோட்டத் தொழிலாளர்களுக்கென்றே தனி வீட்டுக் கடன் என எல்லாம் உண்டு. இருந்தும் தோட்டத்தை விட்டு வெளியேறும் குடும்பங்களில் பல இன்னமும் வாடகை வீட்டுக்கோ, பிள்ளைகளின் வீட்டு முன்னறைக்கோதான் போய்ச் சேர்கின்றன.

நம் நாட்டில் வீடு கட்டும் அதிகாரம் ஓரிடத்தில் இல்லை என்பதே இதன் அடிப்படைக் காரணம். பணம் புத்ராஜெயாவில் இருக்கிறது. நிலம் சிரம்பானில், மாநில அரசாங்கத்தின் கையில். திட்ட அனுமதி நகராண்மைக் கழகத்திடம். தோட்ட மக்கள் விஷயத்தில் நான்காவது கை ஒன்றும் உண்டு; அது தோட்ட நிறுவனம். இந்த நான்கு கைகளும் ஒரே நேரத்தில் ஒன்றுசேரும்போதுதான் வீடு எழும்புகிறது. எந்தத் தருணத்தில் அவற்றை ஒன்றுசேர்க்க முடியும் என்பது தோட்டத்தில் இன்னமும் குடியிருக்கும் ஒவ்வொரு குடும்பமும் தெரிந்து வைத்திருக்க வேண்டியது.

அதிகாரம் பிரிந்திருக்கும் விதம்

கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை, எந்த விவகாரம் யாருடையது என்பதைப் பட்டியல் போட்டுப் பிரிக்கிறது. நிலம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஊராட்சி மன்றங்களும் மாநிலப் பட்டியலில்தான். வீடமைப்பு மட்டும் இரண்டு தரப்புக்கும் பொதுவான பட்டியலில் வருகிறது. ஆகவே வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சு எவ்வளவு பணம் ஒதுக்கினாலும், மாநிலம் நிலம் தராமல் லாபுவிலோ பகாவிலோ ஒரு முளைக்குச்சிகூட அடிக்க முடியாது. மாநில அரசாங்கத்துக்கோ நிலம் உண்டு, ஆனால் நூற்றுக்கணக்கான வீடுகளைத் தானே கட்டிக் கொடுக்கும் அளவுக்குப் பெட்டியில் பணம் இருப்பதில்லை.

நெகிரி செம்பிலானில் ஏழு மாவட்டங்கள். சிரம்பானும் நீலாயும் 2020ஆம் ஆண்டு முதல் ஒரே மாநகர் மன்றத்தின் கீழ் வந்துவிட்டன. போர்ட்டிக்சனிலும் ஜெம்போலிலும் நகராண்மைக் கழகங்கள். கோலப்பிலா, ரெம்பாவ், தம்பின், ஜெலுபு ஆகிய இடங்களில் மாவட்ட மன்றங்கள். ஊராட்சி மன்றத் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டதிலிருந்து மன்ற உறுப்பினர்களை மாநில அரசாங்கமே நியமிக்கிறது. எனவே நகராண்மைக் கழகம் என்று தனியாகச் சொன்னாலும், நில விஷயத்தில் அதன் கயிறு மாநிலத்தின் கையில்தான் இருக்கிறது. மாநிலச் சட்டமன்ற உறுப்பினரைப் பார்த்துப் பேசுவது வீண் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினரைவிட அவருக்குத்தான் இங்கே வேலை அதிகம்.

தோட்டங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தோட்டம் தனியார் நிலம். ஆகவே நகராண்மைக் கழகத்தின் குப்பை லோரி, தெருவிளக்கு, சாலை போன்ற சேவைகள் நெடுங்காலமாகத் தோட்டத்து வாசலோடு நின்றுவிட்டன. கிராமப்புற மேம்பாட்டுக்கு வந்த பணமும் கம்பங்களுக்குப் போனது. தனியார் நிலம் என்ற ஒரே காரணத்தால் தோட்டத்துக்குள் வரவில்லை. தோட்டத் தொழிலாளி பட்டணத்துக் கணக்கிலும் இல்லை, கிராமத்துக் கணக்கிலும் இல்லை.

இரு அரசாங்கங்களும் மனம் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தூரத்தில் போய் உதாரணம் தேட வேண்டாம். ஜெம்போலிலேயே இருக்கிறது. 1956இல் தொடங்கப்பட்ட ஃபெல்டா திட்டத்தில் மாநிலம் நிலம் கொடுத்தது, கூட்டரசு நிறுவனம் காட்டைத் திருத்தி, மரம் நட்டு, வீடு கட்டிக் கொடுத்தது. பாலோங், செர்த்திங் குடியேற்றங்கள் அப்படி உருவானவை. அங்கே குடியேறியவர் கடனை அடைத்துப் பட்டா பெற்றார். அதே மாவட்டத்தில் பகாவ் பக்கம் இருந்த கெடிஸ், செயின்ட் ஹெலியர் போன்ற தோட்டங்களில் அதே வெயிலில் வேலை செய்தவர்களுக்கு லயத்து வீடுதான். மண்ணும் ஒன்று, மழையும் ஒன்று. நிலத்தை யார் வைத்திருந்தார்கள் என்பதில் மட்டும்தான் வித்தியாசம்.

சட்டம் லயத்தைத் தந்தது, பட்டாவைத் தரவில்லை

தோட்டத்து வீட்டுக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. தொழிலாளர் குடியிருப்புகளுக்கான குறைந்தபட்சத் தரத்தை வகுக்கும் சட்டம் 1966இல் வந்தது. அதற்குப் பதிலாக 1990இல் இயற்றப்பட்டதுதான் 446ஆவது சட்டம். வீடு, தண்ணீர், மின்சாரம், மருத்துவ வசதி, ஆயாக்கொட்டகை ஆகியவற்றை முதலாளி எப்படித் தர வேண்டும் என்று அது சொல்கிறது. 2019இல் திருத்தப்பட்டு 2020 ஜூன் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தபோது, அந்நியத் தொழிலாளர்களின் தங்கும் விடுதிகளையும் மற்றத் தொழில்துறைகளையும் அது உள்ளடக்கியது. கூரை ஒழுகினால், தண்ணீர் வராவிட்டால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்ய இந்தச் சட்டம் உதவும். ஆனால் சொந்த வீடு பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. வேலையில் இருப்பவருக்கு எப்படிப்பட்ட வீடு என்பதோடு அது நின்றுவிடுகிறது.

தோட்டம் மூடப்பட்டால் பணிநீக்க இழப்பீட்டுக்கு 1980ஆம் ஆண்டு விதிமுறைகள் இருக்கின்றன. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஓர் ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் என்ற கணக்கு. அதிலும் வீட்டுக்கு என்று ஒன்றும் கிடையாது. முப்பது ஆண்டு உழைத்தவர் கையில் அந்தத் தொகையை வாங்கிக்கொண்டு, வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதத்தையும் அதே வாரத்தில் வாங்க நேரலாம்.

சொந்த வீடு என்ற எண்ணம் அரசாங்கத்துக்குத் தோன்றாமலும் இல்லை. துன் அப்துல் ரசாக் பிரதமராக இருந்த 1970களிலேயே, தோட்ட நிறுவனங்கள் தங்கள் நிலத்தில் ஒரு பகுதியை ஒதுக்கித் தொழிலாளர்கள் வீடு வாங்க வழி செய்ய வேண்டும் என்ற திட்டம் முன்வைக்கப்பட்டது. அது கட்டாயமாக்கப்படவில்லை. நிறுவனத்தின் நல்ல மனதை நம்பிய திட்டம் என்பதால், மிகச் சில தோட்டங்களில்தான் வீடு எழுந்தது. அன்று அது சட்டமாகியிருந்தால் இன்று இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது.

அதற்கும் முன்பே இன்னொரு பாதையைத் துன் வீ.தி. சம்பந்தன் காட்டினார். 1950களின் பிற்பகுதியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டு விற்க, ஆயிரக்கணக்கானோர் வேலையும் வீடும் இழந்து தவித்தார்கள். அந்தத் தோட்டத் துண்டாடலுக்கு மறுமொழியாக 1960இல் பிறந்ததுதான் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். மாதம் பத்து வெள்ளி கட்டி நூறு வெள்ளிப் பங்கு வாங்கிய தொழிலாளர்களின் பணத்தில் கெடா மாநிலத்தின் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. தொழிலாளியும் நிலத்துக்கு உரியவராக முடியும் என்பதை அது காட்டியது. ஆனால் தோட்டத்தை வாங்கியது சங்கம். தனித்தனிக் குடும்பத்துக்குத் தனித்தனி வீட்டுப் பட்டா என்பது வேறு கதை.

மத்தியிலிருந்து வரும் உதவிகளும் அவற்றில் உள்ள முடிச்சும்

1998 பொருளாதார நெருக்கடிக்குப் பின் விரிவாக நடைமுறைக்கு வந்தது மக்கள் வீடமைப்புத் திட்டம், அதாவது எல்லாரும் பிபிஆர் என்று சொல்வது. மாநிலம் நிலம் தர, மத்திய அரசாங்கம் பணம் போட்டுக் கட்டுவது என்பதே இதன் அமைப்பு. மூன்று அறைகள், ஏறத்தாழ 700 சதுர அடி. வாடகை வீட்டுக்கு மாதம் 124 வெள்ளி. சொந்தமாக வாங்கும் வகைக்குத் தீபகற்பத்தில் 35,000 வெள்ளி என்ற விலையே நெடுங்காலம் இருந்தது. தோட்டத் தொழிலாளியின் சம்பளத்துக்கு எட்டக்கூடிய விலை இது ஒன்றுதான் என்று சொன்னாலும் தவறில்லை. முடிச்சு எங்கே என்றால், இந்த வீடுகள் எங்கே எழும்பும் என்பதை நிலம் எங்கே கிடைக்கிறது என்பதே முடிவு செய்கிறது. தோட்டத்திலிருந்து முப்பது, நாற்பது கிலோமீட்டர் தள்ளிக் கட்டிவிட்டு, காலை ஐந்தரை மணிப் பெரட்டுக்குத் தொழிலாளி எப்படி வருவார் என்று யாரும் கேட்பதில்லை.

ரூமா மெஸ்ரா ராக்யாட் திட்டம் வேறு வகை. எஸ்பிஎன்பி என்ற அரசாங்க நிறுவனம், குறைந்த வருமானக் குடும்பத்துக்கு உதவித்தொகையுடன் தனி வீடு கட்டிக் கொடுக்கிறது. அழகான தரை வீடு. ஆனால் விண்ணப்பிப்பவரிடம் நிலம் இருக்க வேண்டும், அல்லது நில உரிமையாளரின் சம்மதம் இருக்க வேண்டும். கிராமப்புற அமைச்சின் புதுவீட்டு உதவிக்கும் ஏறக்குறைய இதே நிபந்தனைதான். கம்பத்தில் அப்பா விட்டுப்போன நிலம் உள்ளவர்களுக்கு இவை வரப்பிரசாதம். தாத்தா காலத்திலிருந்து கம்பெனி நிலத்தில் வாழ்ந்தவருக்கு இவற்றால் பயனில்லை.

நெகிரி செம்பிலானில் நிலம் வாங்கிக்கொள்ளலாமே என்பதும் அவ்வளவு எளிதல்ல. ஜெலுபு, கோலப்பிலா, ரெம்பாவ், தம்பின் பகுதிகளில் அடாட் வழக்கப்படியான நிலங்களும் மலாய் ஒதுக்கீட்டு நிலங்களும் அதிகம். அவற்றைப் பிற இனத்தவர் வாங்க முடியாது. எனவே அங்குள்ள தோட்டங்களில் இருப்பவர்கள் பட்டணத்துத் தாமான்களை நோக்கியே பார்க்க வேண்டியிருக்கிறது.

தோட்டத் தொழிலாளர்களுக்கென்றே வந்தது 2011ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட வீட்டுக் கடன். 5 கோடி வெள்ளி நிதி, பிஎஸ்என் வங்கி வழியாக, அதிகபட்சம் 60,000 வெள்ளி, 4 விழுக்காடு வட்டி, 40 ஆண்டுத் தவணை, தேவைப்பட்டால் அடுத்த தலைமுறை தொடர்ந்து கட்டலாம். காகிதத்தில் இது மிக நல்ல திட்டம். 60,000 வெள்ளிக்கு நாற்பது ஆண்டுத் தவணை மாதம் ஏறத்தாழ 251 வெள்ளிதான் வரும். 2025 பிப்ரவரியிலிருந்து நடப்பில் உள்ள 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தில் அது ஏழில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். சமாளிக்கலாம். ஆனால் 60,000 வெள்ளிக்கு வீடு எங்கே இருக்கிறது? கடன் தர வங்கி தயார். அந்த விலையில் வீடு கட்டித் தர நிலமும் கட்டுநரும் தயாராக இல்லை.

மறுபுறம், 2019இல் வெளிவந்த தேசிய வாங்கும் சக்திக்கு உட்பட்ட வீட்டுக் கொள்கை, மலிவு வீட்டுக்கான உச்ச விலையை 300,000 வெள்ளி என்று வைத்தது. சந்தை விலையோடு ஒப்பிட்டால் அது நியாயமாகவே தெரியும். 250,000 வெள்ளி வீடு ஒன்றை 4 விழுக்காடு வட்டியில் 35 ஆண்டுக்குக் கடன் எடுத்து வாங்கினால் மாதத் தவணை 1,100 வெள்ளியைத் தாண்டுகிறது. 1,700 வெள்ளி வாங்குபவர் அதைக் கட்டிவிட்டு மீதி 600 வெள்ளியில் குடும்பம் நடத்த வேண்டும். வங்கி அவருக்குக் கடன் தரப்போவதும் இல்லை. "வாங்கும் சக்திக்கு உட்பட்ட" என்ற பெயரில் வரும் வீடுகளில் பெரும்பகுதி பட்டணத்தில் இரண்டு சம்பளம் வரும் குடும்பத்தைக் கணக்கில் கொண்டவை. தோட்டத்து மக்கள் அந்த அறிவிப்புகளைப் பார்த்து ஏமாறக்கூடாது. விலைப் பிரிவைப் பார்த்துவிட்டுத்தான் பாரம் நிரப்ப வேண்டும்.

கேட்க வேண்டிய நேரம்

தொழிலாளிக்கு எட்டும் விலையில் வீடு வர வேண்டுமானால் நிலம் இலவசமாகவோ மிகக் குறைந்த விலையிலோ கிடைத்தாக வேண்டும். அது கிடைக்கக்கூடிய தருணம் ஒன்று இருக்கிறது. தோட்ட நிலம் விவசாய நிலம் என்ற வகையிலிருந்து வீடமைப்பு நிலமாகவோ தொழிற்பேட்டை நிலமாகவோ மாறும் தருணம் அது.

அப்போது நிலத்தின் மதிப்பு பன்மடங்கு உயர்கிறது. அந்த உயர்வு மாநிலத்தின் கையெழுத்து இல்லாமல் வருவதில்லை. மூன்று கதவுகளை அது கடக்க வேண்டும்.

முதலாவது தோட்ட நில வாரியம். 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்றுவதற்குத் தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவின்படி மாநிலத்தில் உள்ள இந்த வாரியத்தின் அனுமதி வேண்டும். பழைய தோட்டத் துண்டாடலின் கசப்பான அனுபவத்திலிருந்து வந்த பிரிவு இது. நம் மக்களில் எத்தனை பேருக்கு இப்படி ஒரு வாரியம் இருப்பதே தெரியும் என்பது சந்தேகம்தான்.

இரண்டாவது நில வகை மாற்றம். அதே சட்டத்தின் 124ஆவது பிரிவின் கீழ் நிறுவனம் விண்ணப்பிக்கிறது; மாநில அதிகாரத் தரப்பு பிரீமியம் வாங்கிக்கொண்டு, நிபந்தனைகள் விதித்து அனுமதி தருகிறது. நிபந்தனை விதிக்கலாம் என்பதுதான் இங்கே முக்கியம். "இந்தத் தோட்டத்தில் குடியிருக்கும் இத்தனை குடும்பங்களுக்கு இத்தனை ஏக்கர் ஒதுக்க வேண்டும்" என்பதை அங்கே சேர்க்க முடியும். மேம்பாட்டில் ஒரு பங்கு மலிவு வீடுகளாக இருக்க வேண்டும் என்று மாநிலங்கள் ஏற்கெனவே நிபந்தனை போடுகின்றன. அந்த மலிவு வீடுகளில் முதல் உரிமை அதே தோட்டத்தின் தொழிலாளர்களுக்கு என்று எழுதுவது அதைவிடப் பெரிய காரியமல்ல.

மூன்றாவது, ஊராட்சி மன்றத்தின் திட்டமிடல் அனுமதி. நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் 1976இன் கீழ் வருவது. இங்கே ஒரு விநோதம் உண்டு. சட்டத்தின்படி ஆட்சேபம் கேட்டுக் கடிதம் போவது, அதுவும் குறிப்பிட்ட சூழலில் மட்டும், பக்கத்து நிலங்களின் பதிவு பெற்ற உரிமையாளர்களுக்கு. அந்த நிலத்திலேயே ஐம்பது ஆண்டாகக் குடியிருப்பவருக்குக் கடிதம் வராது. அவர் உரிமையாளர் இல்லை. ஆகவே விஷயம் தெரிய வரும்போது பெரும்பாலும் பலகை நட்டிருப்பார்கள், அல்லது மண்வாரி இயந்திரம் வந்து நிற்கும்.

அதற்கும் முன்னால் பேச ஓர் இடம் இருக்கிறது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஊராட்சி மன்றம் தயாரிக்கும் உள்ளூர்த் திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தாக வேண்டும். அப்போது யார் வேண்டுமானாலும் எழுத்து மூலம் ஆட்சேபமோ கருத்தோ தெரிவிக்கலாம். நில உரிமையாளராக இருக்க வேண்டிய அவசியமில்லை. எந்தத் தோட்டம் எதிர்காலத்தில் வீடமைப்புப் பகுதியாக நிறம் மாற்றப்பட்டிருக்கிறது என்பதை அந்த வரைபடத்திலேயே பார்த்துவிடலாம். கோயில் நிர்வாகமும் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

நெகிரி செம்பிலானில் இது இப்போதைய விவகாரம். சிரம்பான், போர்ட்டிக்சன் ஆகிய இரு மாவட்டங்களிலும் சுமார் 153,000 ஹெக்டர் பரப்பில் மலேசியப் பார்வைப் பள்ளத்தாக்கு எனும் எம்விவி 2.0 திட்டம் 2018இல் அறிமுகப்படுத்தப்பட்டது. 2045 வரை நீளும் திட்டம். அதற்குள் வருவதில் பெரும்பகுதி செம்பனையும் ரப்பரும் நின்ற மண். நீலாயிலும் செண்டாயானிலும் ஏற்கெனவே நடந்ததுதான் இனி லாபு பக்கமும் நடக்கப் போகிறது. இம்மாநிலத்தில் தோட்டம் போய்த் தமிழ்ப்பள்ளியின் பெயர்ப்பலகையில் மட்டும் அதன் பெயர் மிஞ்சிய இடங்களும் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்கு அது பள்ளியின் பெயர், தோட்டம் எங்கே இருந்தது என்று கேட்டால் தெரியாது.

சிலாங்கூர் காட்டும் இரண்டு பாதைகள்

பக்கத்து மாநிலத்தில் இரண்டு விதமாகவும் நடந்திருக்கிறது. புத்ராஜெயா இன்று நிற்கும் இடம் பிராங் பெசார் தோட்டம். அங்கும் சுற்றியிருந்த தோட்டங்களிலும் இருந்த குடும்பங்கள் 1990களின் இறுதியில் டிங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு மாற்றப்பட்டன. நாட்டின் நிர்வாகத் தலைநகருக்கு இடம் கொடுத்தவர்கள், தரை வீட்டுக்காக இருபது ஆண்டுக்கும் மேல் காத்திருந்தார்கள். நிலம் கைமாறிய பிறகு கேட்பதில் உள்ள சிரமத்துக்கு இதைவிடப் பெரிய உதாரணம் வேண்டியதில்லை.

மற்றொன்று உலு சிலாங்கூரின் ஐந்து தோட்டங்கள்: மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக். அங்கும் தோட்டம் கைமாறியது, அங்கும் இருபது ஆண்டுக்கு மேல் இழுபறி. கடைசியில் தோட்டத்தை வாங்கிய நிறுவனம் 20 ஏக்கர் நிலம் தந்தது, மத்திய அரசாங்கம் வீடமைப்பு அமைச்சு வழியாக நிதி தந்தது, மாநில அரசாங்கம் தன் பங்கைச் செய்தது. 245 குடும்பங்களுக்குத் தரை வீட்டுத் திட்டம் பெஸ்தாரி ஜெயாவில் 2024இல் தொடங்கி வைக்கப்பட்டது. நிலம், நிதி, அனுமதி, நிறுவனம் நான்கும் சேர்ந்ததற்கு இதுவே நம் கண்முன் உள்ள சான்று. அரசாங்கங்கள் மாறின, அமைச்சர்கள் மாறினார்கள்; அந்த ஐந்து தோட்டத்து மக்கள் மட்டும் மாறாமல் ஒரே கோரிக்கையோடு நின்றார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இரண்டிலும் "தரை வீடு" என்ற சொல் வருவதைக் கவனிக்கலாம். அடுக்குமாடி கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்று பட்டணத்தில் இருப்பவர்கள் சிலர் கேட்பதுண்டு. தோட்டத்தில் வாழ்ந்தவருக்கு வீட்டுப் பின்புறம் முருங்கை மரமும் கறிவேப்பிலையும் வருமானத்தின் ஒரு பகுதி. மாடு வைத்திருப்பவர்கள் உண்டு. மின்தூக்கி இல்லாத ஐந்து மாடி மலிவு விலை வீட்டில் முழங்கால் தேய்ந்துபோன பால்வெட்டுத் தொழிலாளி ஏறி இறங்குவது எப்படி? மரணம் நேர்ந்தால் பெட்டியை அந்தக் குறுகிய படியில் எப்படி இறக்குவது? மாதப் பராமரிப்புக் கட்டணமும் இருக்கிறது. ஒரே தரையில் வாழ்ந்தவர்களிடம் அந்தக் கட்டணத்தை வசூலிப்பது எவ்வளவு கடினம் என்பது மலிவு விலை அடுக்குமாடிகளின் உடைந்த மின்தூக்கிகளைப் பார்த்தாலே தெரியும். என்றாலும் நிலம் விலையேறிய சிரம்பான், நீலாய் சுற்றுவட்டாரத்தில் எல்லாருக்கும் தரை வீடு என்பது நடக்காமல் போகலாம். அப்படியானால் கீழ்த்தளத்து வீடுகள் வயதானவர்களுக்கு என்ற ஒன்றையாவது முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை

வீடு கிடைக்கும் என்ற நிலை வந்த பிறகும் குடும்பங்கள் விடுபட்டுப் போவது பெயர்ப் பட்டியலில்தான். யார் உண்மையில் அந்தத் தோட்டத்தில் வாழ்ந்தவர், யார் பிறகு வந்தவர் என்ற சர்ச்சை எழும்போது வாய்ச்சொல் எடுபடாது. பழைய சம்பளச் சீட்டுகள், வீட்டு எண் போட்ட தோட்ட நிர்வாகக் கடிதம், தொழிற்சங்கச் சந்தா ரசீது, ஊழியர் சேமநிதி வாரியத்தின் பழைய கணக்கறிக்கை ஆகியவற்றைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பது நல்லது. சேமநிதி அறிக்கையில் முதலாளியின் பெயரும் ஆண்டும் இருப்பதால் அது வலுவான சான்று. பிள்ளைகள் தோட்டப் பள்ளியில் படித்த பதிவும் உதவும்.

சேமநிதி பணத்தையே வீட்டுக்குப் பயன்படுத்தலாம். 2024 மே மாதம் முதல் கணக்கு மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. வீடு வாங்குவதற்கான மீட்பு சிஜாத்ரா கணக்கிலிருந்து வரும். மாதச் சம்பளச் சீட்டு இல்லாத பிள்ளைகள், உதாரணத்துக்கு சொந்தமாக லோரி ஓட்டுபவர்கள், உணவு விற்பவர்கள், எஸ்ஜேகேபி எனும் வீட்டுக் கடன் உத்தரவாதத் திட்டத்தின் வழியாக வங்கியை அணுக முடியும்.

அடையாள அட்டை விஷயத்தை முதலிலேயே சரிபார்க்க வேண்டும். பிபிஆர் உட்பட அரசாங்க வீட்டுத் திட்டங்களுக்கு மலேசியக் குடியுரிமை அடிப்படைத் தகுதி. தோட்டங்களில் சிவப்பு அடையாள அட்டையோடு வயதாகிப்போன தாத்தா பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் பெயரில் விண்ணப்பித்தால் அது முதல் மேசையிலேயே திரும்பிவிடும். குடியுரிமை உள்ள மகன் அல்லது மகள் பெயரில் போட வேண்டும். பழைய பிறப்புச் சான்றிதழ்களில் பிறந்த இடம் என்ற கட்டத்தில் தோட்டத்தின் பெயர் எழுதப்பட்டிருப்பதுண்டு. தோட்டம் மண்ணோடு போன பிறகும், அங்கே ஒரு குடும்பம் இருந்தது என்று அரசாங்க முத்திரையோடு சொல்லும் தாள் அது. பல வீடுகளில் அந்தச் சான்றிதழ் சாமி அலமாரியின் கீழ்த் தட்டில், பிளாஸ்டிக் பைக்குள் இருக்கிறது. அதை இரண்டு நகல் எடுத்து வைத்துக்கொள்ள ஐம்பது காசுகூட ஆகாது.